தியாகதுருகத்தின் அடிவாரத்தில் ஒரு வாணம்

ரிஷிவந்தியம் என்றதும் நினைவுக்கு வருவது தேனபிஷேகம். அர்த்தநாரீசுவரர் சந்நிதியில் லிங்கத் திருமேனியின்மீது தேன் வழியும்போது, தீபத்தின் ஒளியில் அம்மையின் உருவம் தோன்றுகிறது. அதைக் காணக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஆனால் தரிசனம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறவர்கள், தெற்கே சில மைல் தூரத்தில் நிற்கும் தியாகதுருகத்து மலையை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இந்த முறை நாங்கள் அங்கேயும் சென்றோம். உடன் வந்த என் சகோதரியின் குமாரன் கையில் ஓர் அட்டைப் பெட்டி. அதற்குள் ராக்கெட்டு வாணம் ஒன்று துண்டு துண்டாக இருந்தது. சேர்த்து முடிக்க வேண்டியது அவன் பொறுப்பு.

வாணத்தைக் கொண்டு போவதற்கு இதைவிடப் பொருத்தமான மலை நம் பக்கத்தில் இல்லை. 1790-ஆம் ஆண்டின் முடிவில் திப்பு சுல்தான் இந்தக் கோட்டையின்மீது படையெடுத்து வந்தான். உள்ளே இருந்தவன் வந்தவாசியைக் காத்துப் பெயர் பெற்ற காப்டன் பிளிண்ட். திப்புவின் முயற்சி பலிக்கவில்லை. சேனை திருவண்ணாமலைக்குத் திரும்பியது. பிளிண்டின் கீழ் நின்ற சிப்பாய்களும் இந்நாட்டு மக்களே என்பதை நினைக்கும்போது, யாருக்காக மகிழ்வது என்று தெரியாமல் மனம் தடுமாறுகிறது.

அந்தச் சேனையில் வாணக்காரர்கள் தனிப் பிரிவாக இருந்தார்கள். அவர்களுடைய வாணம் தீபாவளி வாணம் அல்ல. இரும்புக் குழாயில் வெடிமருந்தைத் திணித்து, நீண்ட மூங்கிலில் தோல்வாரால் கட்டியது. ஐரோப்பாவில் அக்காலத்தில் காகிதக் குழாய்தான். இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கியதால் மைசூர் வாணம் நெடுந்தூரம் பாய்ந்தது. காஞ்சிபுரத்துக்கு அருகில் பொள்ளிலூரில் 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி கும்பினிப் படை அதன் கடுமையை உணர்ந்தது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் வாணங்கள் சீமைக்குப் போயின. அவற்றைப் பார்த்து உல்விச்சில் வில்லியம் காங்கிரீவ் தன் வாணங்களைச் செய்தான். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வாலப்ஸ் தீவுக்குப் பயிற்சிக்குச் சென்ற ராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம், அங்கே சுவரில் மாட்டியிருந்த சித்திரத்தில் திப்புவின் வீரர்கள் வாணம் விடுவதைக் கண்டு வியந்தார். சொந்த நாட்டில் மறந்ததை அந்நியர் சுவரில் கண்டார்! 2018-ல் ஷிமோகா ஜில்லாவில் நகரா என்ற ஊரில், தூர்ந்த கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாணங்கள் வெளிவந்தன.

பையனின் பெட்டியில் காகிதக் குழல், மரத்தால் ஆன மூக்கு, காகிதப் பட்டை, இவற்றோடு ஒரு மூங்கில் குச்சி. வழக்கமாக இத்தகைய வாணங்களுக்கு வாலில் மூன்று நான்கு சிறகுகள் உண்டு. இதற்கு மைசூர் முறையில் குச்சி மட்டுமே. 1954-ல் அமெரிக்காவில் நெப்ராஸ்காவைச் சேர்ந்த செருப்புக்கடைக்காரர் ஆர்வில் கார்லைல் இந்த விளையாட்டைத் தொடங்கி வைத்தார். வீட்டில் மருந்து இடித்துக் கைவிரல் இழப்பவர்களைக் காக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆகையால் இதில் இரும்புக்கு இடமே கிடையாது. வெடித்தால் இரும்புத் துண்டு ஆளைக் கொல்லும். காகிதம் கிழிந்து போகும். திப்புவுக்கு எது பலமோ அது இங்கே விலக்கு.

மருந்துக் குழலைப் பெட்டியில் வைத்திருக்கவில்லை. அதற்காக நான் வருந்தவில்லை. சுற்றிலும் வைக்கோற்போர், காற்றும் பலமாக இருந்தது. ஆனால் வாணம் நேராகப் போகுமா என்று அறிய நெருப்பு வேண்டியதில்லை. மருந்தின் எடைக்கு ஈடாகக் குழலின் அடியில் களிமண் அடைத்து, எடை சமமாகும் இடத்தில் நூலைக் கட்டி, தலைக்குமேல் சுழற்றினால் போதும்.

பார்வைக்கு அழகாக இல்லை என்று பையன் குச்சியைப் பாதியாக வெட்டியிருந்தான். சுழற்றியதும் வாணம் குட்டிக்கரணம் போட்டது. ஒரு முறை பின்புறமாகவே பறந்தது! ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பார்த்துச் சிரித்து, "தம்பி, வால் பத்தாது" என்றார். காரணம் அதுதான். சமநிலைப் புள்ளிக்குப் பின்னால் குச்சி நீண்டிருந்தால் காற்று அதைத் தள்ளி, மூக்கை முன்னே திருப்பும். பெரியவரே வேலியோரத்திலிருந்து நீண்ட சிம்பு ஒன்றைச் சீவிக் கொடுத்தார். அதைக் கட்டி, நூலையும் இடம் மாற்றிச் சுழற்றியபோது வாணம் மூக்கை முன்னிட்டு வட்டமாக ஓடியது. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

திரும்பும்போது அந்த இரண்டு முழக் குச்சியைப் பஸ்ஸில் வைக்க இடமில்லை. ஜன்னலுக்கு வெளியே நீட்டக் கூடாது என்றார் கண்டக்டர். அவிழ்க்க மாட்டேன் என்றான் பையன். ஊர்வரை அவன் நின்றுகொண்டே வந்தான்.