திறவாக் கோப்புகள்

ஓலைச்சுவடிக்குச் செல்லும் ஈரமும் பகை என்பதைத் தமிழ்த்துறை மாணவர் நன்கறிவர். கணிப்பொறிக் கோப்புக்குப் பகை வேறு. கோப்பு பழுதின்றி இருக்கும். அதனைத் திறக்கும் மென்பொருள் மறைந்து போயிருக்கும். விலங்கியல் துறையினராகிய நாம் இதனைப் பட்டறிந்தோம்.

நுண்ணோக்கியில் தோன்றும் உருவத்தைக் கணிப்பொறி சிறுசிறு புள்ளிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின் ஒளியளவையும் பெரும்பாலும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. ஆயினும், ஒரு புள்ளி எத்தனை மைக்ரான் என்பதை அப்படம் தானே உரைக்காது. 1 மில்லிமீட்டரை 100 கூறுகளாகக் கீறிய கண்ணாடித் தகட்டை அதே உருப்பெருக்கத்தில் வைத்து நோக்கி, அளவை நாமே வகுத்துக் கொடுத்தல் வேண்டும். அவ்வளவு தொலையுமானால் எஞ்சுவது அழகிய படமே. அதனைச் சுவரில் மாட்டலாம். ஆய்வேட்டில் சான்றாகக் காட்ட இயலாது.

இத்தகைய அளவீட்டுக்கென அமெரிக்க நாட்டுப் பெதஸ்டா நகரிலுள்ள தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் 1987-இல் உருப்பெறத் தொடங்கியது 'என்.ஐ.எச். இமேஜ்'. வேய்ன் ராஸ்பேண்ட் என்பார் மக்கின்டோஷ் கணிப்பொறிக்காகப் பாஸ்கல் மொழியில் எழுதியது. விலையில்லை, மூலநிரலும் உடன் கிடைத்தது, யாரும் திருத்தலாம், படியெடுக்கலாம். வசதி குறைந்த ஆய்வகங்களுக்கு அது பெரும் பேறு எனின் மிகையன்று. 1997-இல் அவரே ஜாவா மொழியில் 'இமேஜ்ஜே' என்னும் புதியதைப் படைத்தார். அது எவ்வகைக் கணிப்பொறியிலும் இயங்கும். பழையது மெல்ல வழக்கொழிந்தது. 2006 முதல் வந்த இன்டெல் மக்கின்டோஷ்களில் அது நேரே இயங்கவும் இல்லை.

மென்பொருள் மூப்பெய்துதல் இயல்பே. அதனை நாம் பழிப்பதில்லை. விடைபெறும் முறையில்தான் வேறுபாடு. பழைய மென்பொருள் தான் சேமித்த டிஃப் கோப்புகளின் தலைப்பகுதியில் அளவுக் குறிப்பையும் பொதிந்து வைத்திருந்தது. புதியதை எழுதிய ராஸ்பேண்ட், அக்குறிப்பைப் படித்துணரும் சில வரிகளையும் அதில் சேர்த்தார். பழையதில் 0 வெண்மை, 255 கருமை. புதியதில் பொதுவாக இது தலைகீழ். அம்மாற்றத்தையும் புதியது கணக்கிற் கொண்டது. நம் ஆய்வுக்காலத்தில் வெளியூர் ஆய்வகமொன்றின் மக்கின்டோஷில் எடுத்த மீன்குருதிப் படங்களைப் பல்லாண்டுகள் கழித்துத் திறந்தோம். மைக்ரான் அளவு அப்படியே வந்து நின்றது. அச்சில வரிகளை எழுதாது விட்டிருந்தாலும் அவரை யார் கேட்டிருப்பார்?

நம் மாணவர் ஒருவருக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. மீனின் சூலகச் செல்களை அவர் அளந்தது, ஒளிப்படக் கருவியுடன் ஒரு வணிக நிறுவனம் விற்ற மென்பொருளில். அச்சுப்பொறி இணைப்பில் 'டாங்கிள்' எனும் சிறு பூட்டைச் செருகினாலன்றி அது இயங்காது. கோப்பின் வடிவமோ அந்நிறுவனம் மட்டுமே அறிந்தது. கணிப்பொறி பழுதுற்றது. புதிதாக வந்ததில் அவ்விணைப்பே இல்லை. மடல் எழுதினோம். அம்மென்பொருள் கைவிடப்பட்டது, புதியதை வாங்குக என ஈரடியில் விடை வந்தது. குறள் போன்ற சுருக்கம், பொருள்தான் வேறு!

அவ்வேளையில் ஆய்வேட்டைத் திருத்திய தேர்வாளர் சில செல்களின் விட்டத்தை மீண்டும் அளந்து காட்டுமாறு பணித்தார். எண்கள் ஏட்டில் இருந்தன. படங்கள் குறுந்தகட்டில் இருந்தன. இரண்டையும் இணைக்க வழியில்லை. வெளிநாட்டு ஆய்வாளர் கூடி உருவாக்கிய 'பயோஃபார்மட்ஸ்' இன்று 150-க்கும் மேற்பட்ட நுண்ணோக்கிக் கோப்பு வடிவங்களைப் படிக்க வல்லது. எனினும் நம் கோப்பு அப்பட்டியலில் இல்லை. மாணவர் மீண்டும் மீன் வாங்கினார். மெழுகில் பதித்தார், சீவினார், சாயமேற்றினார். ஐந்து திங்கள் கழிந்தன. இடையில் உதவித்தொகையும் நின்றது. வீட்டார்க்கு என்ன சொல்லியிருப்பார் என்று நாம் பலநாள் எண்ணியதுண்டு.

பட்டம் பெற்று, இன்று வேறோர் ஊரில் அவரும் ஆசிரியர். ஒவ்வொரு படத்தொகுதியுடனும் அளவுத்தகட்டின் படத்தையும் எடுத்து, டிஃப் வடிவிலேயே சேமித்து, ஒரு புள்ளிக்கு எத்தனை மைக்ரான் என்பதை மையால் குறிப்பேட்டில் எழுதவும் வேண்டும் எனத் தம் மாணவர்க்கு விதித்துள்ளாராம். கணிப்பொறிக் காலத்தில் மை எதற்கு என்று அவர்கள் முணுமுணுக்கின்றனராம்.