உட்சுவர்

ரப்பர் கெட்டுப்போனால் வெளித்தோலில் தெரிந்துவிடும் என்பதை வைத்துத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். ஒரகடத்தில் பிரேக் ஹோஸ் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒரு ஹோஸை இயந்திரத்தில் பூட்டி 35 மணி நேரம் விடாமல் சுழற்றுவோம். இன்னொன்றை ஓசோன் நிரப்பிய பெட்டியில் வளைத்து வைத்து, பிறகு 7 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்ப்போம். வெடிப்பு தெரியாவிட்டால் தேறியது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் காரும் லாரியும் டயரும் கண்ணாடியுமாக உற்பத்தியாகிற, கடல் வாடையே இல்லாத இந்தப் பிரதேசத்துக்கு, ஐப்பசியில் என் தங்கை கணவர் தன் ஹோஸ்களைக் கொண்டுவருவார். மடங்காமல் பெரிய வளையமாகச் சுற்றியிருப்பார். புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுக்கொள்ள வருகிறவர்களைக் கடலுக்குள் அழைத்துப்போவது அவர் வேலை. மழைக்காலத்தில் தண்ணீர் கலங்கிவிடும், வேலை இருக்காது.

பூர்வீகம் தூத்துக்குடி. தாத்தா கல்லைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி முத்துக் குளித்தவர். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றது. அப்பா சங்கு எடுக்கப் போனபோது படகில் கம்ப்ரஸர், அதிலிருந்து ஒரு நீளக் குழாய் வாய்க்கு. இவருக்கு முதுகில் சிலிண்டர்.

சிலிண்டருக்குள் சுமார் 200 பார் அழுத்தம். அதை ரெகுலேட்டரின் முதல் பகுதி, சுற்றியிருக்கும் நீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மட்டும் கூடுதலாக இருக்கும்படி குறைத்து, ஒரு ஹோஸில் வாய்க்கு அனுப்புகிறது. இன்னொரு மெல்லிய ஹோஸ் முழு அழுத்தத்தையும் மீட்டருக்குக் கொண்டுபோகிறது. புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டாவதைப் பார்த்துத்தான் பயப்படுவார்களாம். விஷயம் நேர்மாறு. அதன் வாசலில் ஊசிமுனை அளவு துளைதான். அறுந்தாலும் காற்று மெல்லத்தான் போகும். வாய்க்கு வரும் ஹோஸ் அறுந்தால் சிலிண்டர் சில நிமிஷங்களில் காலி. இரண்டின் மரையும் வேறு வேறு அளவு, ஒன்றை மற்றதன் இடத்தில் பூட்ட முடியாது.

இரவில் பாய் விரித்து உட்காருவோம். ஹோஸின் கழுத்தில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் உறையை முதலில் பின்னுக்கு இழுக்க வேண்டும். பாதுகாப்புக்கென்று போட்ட அதன் அடியில்தான் உப்பு தங்கும், உலோகம் ரப்பரைக் கவ்வுகிற இடத்தில் வெடிப்பு விடும். திரும்பப் பூட்டும்போது என் கையிலிருந்து ஸ்பானரை வாங்கிக்கொள்வார். “இது லாரி இல்ல மச்சான். ஓ-ரிங்தான் அடைக்கும். கையால முறுக்கிட்டு லேசா ஒரு தொடல் போதும்.” ஊதிப் பார்க்கத் தொழிற்சாலைக் காற்றைத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுவார். அதில் எண்ணெய் ஆவி கலந்திருக்கும். அவர் சொல்வது சரி. மோட்டார் ஓடுகிற இடத்தில் ஓசோன் உண்டாகும் என்பதால் தண்ணீர் மோட்டார் பக்கம் ஹோஸ்களை மாட்ட நான் விடுவதில்லை. இது ஒன்றுதான் என் பங்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நைலான் பின்னல் போட்ட ஹோஸ் ஒன்று கொண்டுவந்தார். இலேசு, நன்றாக வளையும். லென்ஸில் குற்றமே இல்லை. “இழுத்தா காத்து கஷ்டப்பட்டு வருது” என்றார். பிளேடால் நெடுக அறுத்தோம். உள்ளே மஞ்சள் தட்டிய கற்கண்டுத் தூள் மாதிரி ஏதோ படிந்திருந்தது. இந்த ரகத்தில் சிலவற்றின் உட்சுவர் பாலியூரித்தேன். வெப்பத்திலும் ஈரத்திலும் அது சிதைந்து படிகமாகி வழியை அடைக்கும் என்று டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் எச்சரித்திருப்பதைப் பிறகு படித்தேன். நம் ஊர்க் கடலில் இரண்டுக்கும் குறைவில்லை. நாம் கவிதைகளைப் பரிசோதிப்பதும் இப்படி வெளித்தோலோடு நின்றுவிடுகிறதோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கவிதை கெட்டால் யாரும் மூழ்கிப்போவதில்லை.

அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. முத்துக்குளிப்பில் மேலே கயிறு பிடிப்பவன் மனைவியின் சகோதரனாக இருப்பான், தன் கூடப் பிறந்தவள் தாலியறுக்க அவன் விடமாட்டான் என்பதால், என்று சொல்வார்கள். கயிற்றில் கீழே இருப்பவனின் அசைவு கைக்குத் தெரியும். என் கையில் லென்ஸ்தான் இருக்கிறது.

இப்போது அவர் கறுப்பு ரப்பருக்கே திரும்பிவிட்டார். ஹோஸில் பொறித்திருக்கும் தேதியைப் பார்த்து, 5 வருஷம் ஆனதும் நன்றாயிருந்தாலும் கழற்றி எறிந்துவிடுகிறார். குற்றமில்லாததை எறிவது எனக்கு இன்னும் ஒப்பவில்லை. அவர் அப்பாவின் குழாயில் தேதி உண்டா என்று கேட்டேன்.

“அதுல எழுத்தே கிடையாது மச்சான். வெடிச்சா, அந்த இடத்தை வெட்டிட்டு ஒட்டுவாங்க.”