இருபது ஆண்டு அமானிதம்



பூனை வளர்க்கலாமா, புறா வளர்க்கலாமா என்று கேட்கும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகன் கேட்டது டரான்டுலா என்னும் ராட்சதச் சிலந்தி. "சத்தம் போடாது வாப்பா, நாற்றம் அடிக்காது. வாரத்துக்கு ஒரு கரப்பான் போதும்" என்றான். அவனுடைய வாப்பும்மாவோ, "ஒட்டடை அடித்துச் சிலந்தியை விரட்டுகிற வீட்டில் காசு கொடுத்துச் சிலந்தி வாங்குவார்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள். உடனே மறுத்துவிட எங்களுக்கு மனமில்லை. படித்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறோம் என்று தவணை கேட்டோம். கணவனும் மனைவியுமாகப் பல இரவுகள் படித்தோம்.

இந்தச் சிலந்திகளில் புதிதாக வளர்ப்பவருக்கு ஏற்றவை என்று பலரும் சொல்பவை மூன்று. சிலி நாட்டு ரோஜாமுடிச் சிலந்தி, மெக்சிகோவின் செம்முழங்கால் சிலந்தி, மத்திய அமெரிக்காவின் சுருள்முடிச் சிலந்தி. மூன்றும் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. இவை மெதுவாக நடப்பவை. கடித்தாலும் நஞ்சு கடுமையானதன்று. ஆனால் அச்சம் வந்தால் பின்னங்கால்களால் வயிற்றைத் தேய்த்து நுண்ணிய முடிகளை உதறிவிடும். தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் மருத்துவரிடம் ஓட வேண்டும். கைக்குழந்தையும் மூச்சிரைப்பு உள்ளவரும் இருக்கும் வீட்டில் இதை முதலில் நினைக்க வேண்டும்.

ஆசியச் சிலந்திகளுக்கு இந்த முடி இல்லை. மாறாக வேகமும் கடுமையான நஞ்சும் உண்டு. நம் நாட்டு மரங்களில் வாழும் பொயிசிலோத்தேரியா இனம் கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் நீடிக்கும். எனவே 'நம் நாட்டுச் சிலந்தி, நமக்குப் பழகியது' என்ற கணக்கு இங்கே செல்லாது.

இந்த இனத்தில் ஒன்று நம் கடற்கரைக்கே உரியது என்பதை அப்போதுதான் அறிந்தோம். தூத்துக்குடியிலிருந்து கிழக்கே கடலோரமாகச் சென்றால் வரும் இராமேசுவரம் தீவில், பழைய மரங்களின் பொந்துகளில் வாழும் ஒரு சிலந்தியை 2004ஆம் ஆண்டில் அறிவியலார் தனி இனமாகப் பதிவு செய்தார்கள். அங்குள்ள அனுமவிலாசம் என்னும் கோயில் தோப்பின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். பின்னர் மன்னார்ப் பகுதியிலும் அது காணப்பட்டது. நம் முன்னோர் முத்துக் குளித்த அதே வளைகுடாவின் இரு கரைகளிலும் ஒரே சிலந்தி! தோப்புகள் அழிவதால் அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. ஆந்திரத்தின் கூத்தி நீலச் சிலந்திக்கும் அதே நிலைதான். 1899இல் பெயரிடப்பட்டு, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக யார் கண்ணிலும் படாமல், 2001இல் மீண்டும் கண்டறியப்பட்ட உயிர் அது. அதன் நீல நிறமே அதற்கு வினையாயிற்று. உலகெங்கும் அதை வாங்க ஆளிருக்கிறது. இத்தகைய உயிரைப் பொந்திலிருந்து பிடுங்கி விற்பவரிடம் வாங்குவது எந்த வகையிலும் நமக்கு ஆகாது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

சரி, அயல்நாட்டுச் சிலந்தியை வாங்கலாமா? கயத்தாறிலிருந்து கோவில்பட்டி, சாத்தூர் தாண்டினால் அருப்புக்கோட்டை. 2021ஆம் ஆண்டு போலந்திலிருந்து அவ்வூர் முகவரிக்கு ஒரு பொட்டலம் வந்தது. சென்னையில் சுங்கத்துறையினர் அதைப் பிரித்தபோது, தெர்மோகோல் பெட்டிக்குள் 107 சிறு பிளாஸ்டிக் குப்பிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் உயிருள்ள சிலந்தி. இறக்குமதி உரிமமும் இல்லை, நலச்சான்றும் இல்லை. வந்த நாட்டிற்கே திருப்பி அனுப்புவதென்று முடிவாயிற்று. பஞ்சிலும் பளபளக்கும் தாளிலும் சுற்றப்பட்டு, ஐரோப்பாவிலிருந்து சென்னைக்கும் மீண்டும் ஐரோப்பாவுக்கும் அலைந்த அந்த உயிர்களின் நிலையை எண்ணிப் பார்த்தோம். செம்முழங்கால், சுருள்முடி ஆகிய இரண்டும் சைட்ஸ் எனப்படும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. 2019 முதல் பொயிசிலோத்தேரியா இனமும் அதில் சேர்ந்துவிட்டது. 2022இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2024இல் வந்த விதிகளும், அப்பட்டியலில் உள்ள உயிரை வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன. கைமாறினாலும், குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். 'ஒரு பூச்சிக்கு இவ்வளவு காகிதமா?' என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் நாம் வாழும் நாட்டின் சட்டத்தை மதிப்பது நாம் கொடுத்திருக்கும் வாக்கு. சிறியது என்பதால் கடத்தல் பொருள் தூய்மையாகிவிடாது.

மார்க்கம் என்ன சொல்கிறது என்றும் மகன் கேட்டான். சிலந்தியின் பெயரிலேயே ஒரு சூரா இருப்பதை அவன் மதரஸாவில் படித்திருக்கிறான். தவ்ர் குகை வாயிலில் சிலந்தி வலை பின்னிய செய்தியை மேடைகளில் கேட்டிருக்கிறான். அதன் அறிவிப்பாளர் தொடர் பலமற்றது என்று ஹதீஸ் கலை அறிஞர் பலர் கூறியிருப்பதையும் அவனுக்குச் சொன்னோம். சிலந்தி மீது அன்பு காட்ட அந்தச் செய்தி உறுதியாக வேண்டும் என்பதில்லை. நாங்கள் எடுத்துக்காட்டியவை வேறு இரண்டு. அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு சிட்டுக்குருவி வைத்திருந்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுக்கவில்லை. குருவியைப் பற்றி அன்போடு விசாரித்தார்கள். இன்னொன்று, பூனையை அடைத்துவைத்து, உணவும் கொடுக்காமல், தானே இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண்ணுக்குக் கிடைத்த தண்டனை பற்றிய ஹதீஸ். அடைத்துவைப்பவர் அந்த உயிரின் உணவுக்குப் பொறுப்பேற்கிறார். இவ்விரண்டிலிருந்தும் நாங்கள் புரிந்துகொண்டது அதுதான். ஃபத்வா சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. உயிருள்ள பூச்சியை இரையாகக் கொடுப்பது போன்ற கேள்விகளை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்களை உண்மையில் நிறுத்தியது நஞ்சன்று, ஆயுள். செம்முழங்கால் சிலந்தியின் பெண் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். ஆணோ முதிர்ந்தபின் ஓரிரு ஆண்டுகளில் இறந்துவிடும். விரல் நுனியளவுக் குஞ்சில் ஆணா பெண்ணா என்பதைக் கண்டுபிடிப்பது கடினம். அதாவது ஐந்தாறு ஆண்டு அமானிதமா, இருபது ஆண்டு அமானிதமா என்பது தெரியாமலேயே கையெழுத்திடுகிறோம். மகனுக்கு இப்போது பதினான்கு. நான்கு ஆண்டில் கல்லூரி விடுதி. அதற்குப்பின் எங்கள் தெருப் பிள்ளைகளைப் போல வளைகுடாவுக்கும் போகலாம். பெட்டி இங்கேதான் இருக்கும்.

கயத்தாற்றுச் சித்திரை வெயில் வேறு. காற்றாலைகள் சூழ்ந்த ஊர் என்றாலும் ஓட்டு வீட்டுக்குள் பிற்பகலில் அனல்தான். தென்னை நார்த்தூள் பரப்பிய ஒரு பெட்டி, தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை, வெயில் படாத மூலை ஆகியவை போதும் என்கிறார்கள். ஆனால் மின்விசிறி நின்றுபோன அறையில் சிறு பெட்டி எவ்வளவு சூடாகும் என்பது நமக்குத்தான் தெரியும். தோலுரிக்கும் நேரத்தில் அது மல்லாந்து கிடக்கும். இறந்துவிட்டது என்று எண்ணித் தொட்டால் உண்மையிலேயே இறந்துவிடலாம். கையிலிருந்து தவறி விழுந்தாலும் வயிறு கிழிந்துவிடும். கைக்குக் கை மாற்றி விளையாட ஏற்ற உயிரன்று இது.

ஆகவே எங்கள் பதில் 'இப்போது வேண்டாம்' என்பது. எப்போதாவது வாங்குவதென்றால் சுருள்முடிச் சிலந்திதான். அதுவும் இங்கேயே அடைப்பில் பிறந்ததாக, பதிவுச் சான்றோடு இருக்க வேண்டும். மகன் விடவில்லை. ஒரு விற்பனையாளருக்கு எழுதிக் கேட்டான். விலை உடனே வந்தது. சான்றைப் பற்றிக் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. இப்போது இஷா தொழுகைக்குப்பின் டார்ச் விளக்கோடு கரிசல் காட்டு ஓரம் போகிறான். ஒளி பட்டதும் தரையில் பச்சைப் புள்ளிகளாக மின்னும் ஓநாய்ச் சிலந்தியின் கண்களை எண்ணி நோட்டில் குறித்துக்கொள்கிறான்.

விடுதிக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கேள்விக்கு, தங்கையின் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறான். அவள் இன்னும் சம்மதிக்கவில்லை.