தும்மலும் தீர்ப்பும்

இறைவன் படைத்தவை யாவும் நல்லவை என்பது நம் விசுவாசத்தின் தொடக்கப் பாடம். மாசி, பங்குனி மாதங்களில் அடுக்குத் தும்மல் வந்துவிட்டாலோ, அப்பாடத்தை ஏற்க நம் மூக்கு மறுக்கிறது! கோவில்பத்தில் இவ்வாறு அல்லலுறுவோர் வேறு சிலரும் உண்டு. அவர்களுள் மாதா பீடத்து மல்லிகையின்மேல் பழி சுமத்துவோரும் இருக்கின்றனர்.

மல்லிகை பெரும்பாலும் குற்றமற்றது. நிறத்தாலும் மணத்தாலும் பூச்சிகளை அழைக்கும் மலர்களின் மகரந்தம் பிசுபிசுப்பானது. காற்றில் எளிதாகப் பரவாது. காற்றையே தூதாக நம்பும் தாவரங்கள்தாம் நுண்பொடியை ஏராளமாகத் தூவுகின்றன. கடலோரச் சவுக்கின் கிளைநுனிகளில் பழுப்புக் கதிர்களாக நிற்கும் ஆண்பூக்களைப் பூவென்று மதிப்பவர் யார்? வரப்போரத்து அறுகம்புல்லும், குப்பைமேட்டுக் குப்பைக்கீரையும் அத்தகையனவே. பூச்சிகளை அழைக்கும் சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் காற்றில் கலந்து பலரை வருத்துகிறது.

மேல்நாட்டாரும் இந்நோய்க்கு 'வைக்கோல் காய்ச்சல்' என்று பெயரிட்டனர். அது காய்ச்சலுமன்று, வைக்கோலால் வருவதுமன்று. சார்லஸ் பிளாக்லி என்னும் ஆங்கிலேய மருத்துவர் தம் உடலிலேயே சோதனைகள் செய்து, புல்லின் மகரந்தமே காரணம் என்பதை 1873இல் நூலாக வெளியிட்டார்.

ஆயினும் மகரந்தம் நஞ்சன்று. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 30 துகள்கள் வரிசையாக நிற்கக்கூடிய அத்துணைச் சிறிய பொருள் அது. பெரும்பாலோர் அதைச் சுவாசித்தும் நலமாகவே இருக்கின்றனர். சிலருடைய உடலின் காவலோ அதைப் பகையென்று தவறாகக் கணித்துவிடுகிறது. ஹிஸ்டமின் என்னும் பொருளைச் சுரந்து போர் தொடுக்கிறது. நீரொழுகும் மூக்கும் அரிக்கும் கண்களும் அப்போரின் விளைவுகள். தீங்கற்றதைப் பகையென எண்ணுவதே இந்நோயின் வேர்.

இவ்வேர் உடலில் மட்டுமா இருக்கிறது? 2020இன் கொரோனாவுக்குப் பின், திருப்பலியில் ஒருவர் தும்மினால் அருகிலிருப்போர் விலகி அமர்வதைக் காண்கிறோம். தும்மும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் வெளியேறுகிறார். தொற்றுநோயில் எச்சரிக்கை வேண்டியதே. ஒவ்வாமையோ ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. அத்தாய்க்கு வேண்டியது நல்ல மருத்துவர்; நம்மிடமிருந்து வேண்டியது கனிவான ஒரு சொல். குழந்தைக்கு இளைப்பு வந்தால், நேர்ச்சையோடு நின்றுவிடாமல் உடனே மருத்துவரிடம் செல்லட்டும்.

சவுக்கை வெட்டினால் தீரும் என்பாரும் உண்டு. மணலையும் கடற்காற்றையும் தடுத்து நம் கரையோரக் குடிகளைக் காப்பதும் அம்மரமன்றோ? கண்ணுக்குத் தோன்றியதைக்கொண்டு தீர்ப்பிடாத ஆண்டவர், மரத்தையும் மலரையும் மனிதரையும் ஆய்ந்தறியும் பொறுமையை நமக்கும் அருள்வாராக. அடுத்த ஞாயிறு சமாதானம் பகிரும் வேளையில், தும்மிக்கொண்டிருப்பவரைப் பார்த்தும் கைகுவிப்போம்.