நகரும் கூரை

மழையும் வெயிலும் பனியும் உள்ளே புகாதவாறு தடுப்பதே கூரையின் தொழில். வானத்தை மறைக்கின்றதே என்று எவரும் அதனைக் குறைகூறுவதில்லை. ஆனால், விண்மீன்களைக் காண்பதற்கென்றே தன் வீட்டு வளவில் சிறு கட்டடமொன்றை எழுப்புபவனுக்குக் கூரையே முதற் சிக்கலாகி விடுகின்றது. பகலில் அது வேண்டும். தெளிந்த இரவில் அது வேண்டாம்.

பெரிய வானாய்வு நிலையங்கள் இச்சிக்கலை அரைக்கோள வடிவான, பிளவு ஒன்றினையுடைய, சுழலும் கூரையினாலே தீர்த்துக்கொண்டன. தச்சு வேலை சிறிதளவே அறிந்த ஒருவன் அத்தகைய கூரையை அமைத்தல் எளிதன்று. அவனுக்கு ஏற்றது, சில்லுகளின்மீது அமைந்து, தண்டவாளத்தின் வழியே முழுவதும் ஒருபுறம் விலகிவிடும் கூரையே. அது விலகியதும் வானம் முழுவதும் கண்முன் விரிகின்றது. பகலில் உள்ளே தேங்கிய வெப்பமும் விரைவில் வெளியேறி விடுகின்றது. அவ்வெப்பம் தங்குமாயின் மேலெழும் வளி விண்மீனின் விம்பத்தை நடுங்கச் செய்யும்.

இம்முறையின் இன்னொரு வடிவத்தை இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள செல்சி என்னும் ஊரிலே காணக்கூடியதாயிருந்தது. 1957இலிருந்து பி.பி.சி. தொலைக்காட்சியில் வானியல் நிகழ்ச்சியை நடத்திவந்த பற்றிக் மூர் 1968இல் அங்கு குடியேறினார். தமது 12½ அங்குல ஆடித் தொலைகாட்டியை அவர் இரு பாதிகளாகப் பிரியும் கொட்டில் ஒன்றினுள் வைத்திருந்தார். அப்பாதிகள் தண்டவாளத்தில் எதிரெதிர்த் திசைகளில் நகரும். ஒரே கொட்டிலாக அமைப்பின் அதற்குக் கதவு வேண்டும்; பிணைச்சலில் தொங்கும் கதவோ காற்றில் அடித்துக்கொள்ளும். இரண்டாகப் பிரித்தமையால் கதவின் தேவையே அற்றுப்போயிற்று.

கூரையாயினும் கொட்டிலாயினும், அதனை நகர்த்தும் உறுப்புகளைத் தெரிவு செய்வதிலேதான் கட்டுபவனின் அறிவு சோதிக்கப்படுகின்றது. முதலில் அவன் தேடுவது சில்லுகளையே. கோண இரும்பைக் கூர்விளிம்பு மேலாகக் கவிழ்த்து வைத்து, அதன்மீது தவாளிப்புடைய உருக்குச் சில்லுகளை ஓடவிடுதல் வழக்கம். இரு பக்கங்களிலும் தவாளிப்புச் சில்லுகளையே பொருத்தினால், தண்டவாளங்களின் இடைத்தூரம் சற்று மாறினும் கூரை இறுகிவிடும். ஆகவே ஒரு பக்கத்தில் தவாளிப்புச் சில்லும் மறுபக்கத்தில் தட்டையான சில்லும் வைப்பது நன்று. ஒன்று வழிகாட்ட, மற்றது பாரத்தை மாத்திரம் சுமக்கும். தண்டவாளங்கள் முற்றிலும் மட்டமாக அமைவது அரிது. ஆடும் மேசை இரண்டு கால்களிலேயே பெரும்பாலும் நிற்பது போன்று, நான்கு சில்லுகளுடைய கூரையும் சில வேளைகளில் மூலைவிட்டமாக உள்ள இரண்டின்மீதே நிற்கும். எனவே ஒவ்வொரு சில்லும் மொத்தப் பாரத்தின் அரைவாசியைத் தாங்கவல்லதாயிருத்தல் வேண்டும். கடலோரமாயின் உப்புக்காற்றினால் கறள் பிடிப்பதையும் கருதவேண்டும்.

மரச்சட்டமும் நெளிதகரமும் கொண்ட கூரையொன்றின் நிறை 200 கிலோகிராம் என்று கொள்வோம். சில்லுகள் நல்லனவாயின் அதனை நகர்த்த ஏறக்குறைய 5 கிலோகிராம் நிறைக்குச் சமமான உந்தல் போதுமானது. ஒரு சிறுவனும் தள்ளிவிடலாம். கட்டுபவன் மகிழ்ந்து, வேலை முடிந்தது என்று எண்ணுவதும் இவ்விடத்திலேதான்.

ஆனால் காற்றின் கணக்கு வேறு. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் காற்று சதுர மீற்றர் ஒன்றுக்கு ஏறக்குறைய 48 கிலோகிராம் நிறைக்குச் சமமான அமுக்கத்தைத் தோற்றுவிக்கின்றது. கூரையின்மேல் அது உறிஞ்சலாகத் தொழிற்படக்கூடும். 3 மீற்றர் நீளமும் 3 மீற்றர் அகலமும் உடைய கூரையை 430 கிலோகிராம் அளவான விசை மேலே இழுக்குமாயின், அதன் சொந்த நிறை எம்மட்டு? வேகம் இருமடங்கானால் விசை நான்மடங்காகும். ஆகவே, நான்கு மூலைகளையும் சுவரோடு இறுக்கும் கொளுக்கிகளும், ஓடும்போதும் கூரை மேலெழாதவாறு தண்டவாளத்தின் அடிவிளிம்பைப் பற்றி நிற்கும் இரும்புக் கவ்விகளும் சில்லுகளினும் முதன்மையானவை. மோட்டாரும் பின்னர் வந்து சேரலாம். எனினும், தொலைகாட்டி நிமிர்ந்து நிற்கையில் கூரை அதன்மீது மோதாதவாறு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆளியும், மின்சாரம் தடைப்படும்போது கையால் தள்ளக்கூடிய வசதியும் இன்றேல் அம்மோட்டார் கேட்டையே விளைவிக்கும்.

1998ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாளிரவு செல்சியைச் சுழல்காற்று ஒன்று தாக்கியது. ஊரில் பல வீடுகள் சேதமுற்றன. மூரின் வானாய்வுக் கூடமும் தப்பவில்லை. அத்தகைய காற்றின்முன் எக்கொளுக்கியும் உறுதி கூறமுடியாது என்பது உண்மையே. ஆயினும் பெரும்பாலான கூரைகளைச் சோதிப்பது சுழல்காற்று அன்று. ஆண்டுதோறும் வரும் சாதாரண புயற்காற்றே. அதனை எதிர்கொள்ளும் ஆற்றல் சில உருக்குத் துண்டுகளில் அடங்கியிருக்கின்றது. மூர் அவ்வூரை விட்டு அகலவில்லை. 2012இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார்.

சில்லு ஓடுவதை எவரும் காண்பர். அயலவர் வந்து பார்த்து வியப்பர். கொளுக்கி பிடித்து நிற்பதை யார் காண்கின்றனர்? வானத்தைத் திறக்கும் ஆர்வத்தில் பணமும் கவனமும் சில்லின் பக்கமே சாய்வது இயல்பு. ஆனால் வானம் மீண்டும் மீண்டும் திறக்கப்படவேண்டுமாயின், ஒவ்வொரு விடியலிலும் கூரை தன் இடத்திலே இருத்தல் வேண்டுமன்றோ?