அரைநிலாத் துண்டு

அச்சுக்கூடத்தோடு பழகிய பத்திரிகையாளருக்குப் பிளைவீல் புதிய பொருளன்று. பழைய ட்ரெடில் அச்சியந்திரங்களின் பக்கத்தில் பெரிய இரும்புச் சக்கரமொன்று சுழன்றுகொண்டிருக்கும். விசையைச் சேமித்து ஓட்டத்தைச் சீராக்குவதே அதன் தொழில். அதே தொழிலைச் செய்யும் சிறிய சக்கரமொன்றைக் கழற்றிப் பூட்டுவதைச் சில ஆண்டுகளுக்கு முன்னர் பெந்தோட்டை ஆற்றங்கரையில் அரைநாள் இருந்து பார்த்தேன்.

நவம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை அங்கே உல்லாசப் பயணிகளின் காலம். வாடகைக்கு விடப்பட்ட 'ஜெட் ஸ்கீ' ஒன்று முகத்துவாரத்துக்கு அண்மையில் திடீரென நின்றுவிட்டது. ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் இயந்திரம் நிற்பது விளையாட்டல்ல. நல்லவேளையாகப் படகொன்று அதனை இழுத்து வந்தது.

திருத்த வந்தவர் பேருவளையைச் சேர்ந்த மெக்கானிக். எல்லோரையும் போல நானும் அவரை 'நானா' என்றே அழைத்தேன். பிளக்கில் தீப்பொறி வந்தது, பெற்றோலும் வந்தது. ஆனால் இயந்திரம் காபரேட்டர் வழியாக இருமியது. "பொறி வாற நேரம் பிழைச்சிட்டுது ஐயா" என்றார்.

பற்றரியின் இணைப்பைக் கழற்றி, பிளக்குகளை எடுத்து, முன்மூடியைத் திறந்தார். சக்கரம் அசையாதவாறு பிடித்துக்கொண்டு நட்டைத் தளர்த்தினார். உதவிக்கு வந்த பையன் சுத்தியலைத் தூக்கினான். "மகன், அத வையுங்க" என்று தடுத்தார் நானா. சக்கரத்தின் விளிம்பில் காந்தங்கள் ஒட்டப்பட்டுள்ளன. அடித்தால் அவை வெடிக்கும், கிராங் ஷாப்டும் அதன் பெயாரிங்குகளும் பழுதாகும். விளிம்பில் கொக்கி மாட்டி இழுப்பதும் ஆகாது. சக்கரத்தின் நடுப்பகுதியிலுள்ள துளைகளில் போல்ட்டுகளைப் பூட்டி இழுக்கும் புல்லரே இதற்கு ஏற்றது. நட்டை முழுவதும் கழற்றாமல் சில புரிகளில் விட்டிருந்தமையால், 'டக்' என்ற ஒலியுடன் விடுபட்ட சக்கரம் கீழே விழவில்லை.

உள்ளே அரைநிலா வடிவிலான சிறிய 'கீ' இரண்டாகக் கத்தரிக்கப்பட்டிருந்தது. இந்தச் சிறு துண்டுதான் சக்கரத்தைப் பிடித்திருக்கிறது என்றே நானும் எண்ணினேன். நானா தலையசைத்து மறுத்தார். ஷாப்டின் நுனி கூம்பு வடிவானது. சக்கரத்தின் துளையும் அவ்வாறே. நட்டை இறுக்கும்போது இரண்டு கூம்புகளும் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளைத் தாங்குவது அந்தக் கவ்வலே. கீ செய்வது சக்கரத்தைச் சரியான கோணத்தில் நிறுத்துவது மட்டுமே. அந்தக் கோணம் சில பாகைகள் விலகினாலும் தீப்பொறி நேரம் தவறும்.

முன்னர் பூட்டியவர் யாரோ, துருப்பிடிக்காதிருக்கட்டும் என்று கூம்பில் கிறீஸ் பூசியிருந்தார். நல்லெண்ணந்தான், ஆனால் கவ்வ வேண்டிய இடம் வழுக்கியது. முழுப் பாரமும் அந்தச் சிறு துண்டின் மேல் விழுந்தது.

மீளப் பூட்டுவதற்கு முன்னர் நானா அதிக நேரம் செலவிட்டது துடைப்பதற்கே. கீ இல்லாமல், மெல்லிய அரைபசை தடவிச் சக்கரத்தைக் கூம்பின்மேல் கையால் திருப்பினார். சுற்றிவர ஒரேயளவாகச் சாம்பல் நிறம் படியும்வரை தொடர்ந்தார். பின்னர் பசையை முற்றாகக் கழுவி உலர்த்தினார். காந்தங்களில் ஒட்டிய இரும்புத்தூளைத் துடைத்தெடுத்தார். புதிய கீயை வைத்து, கைந்நூலில் குறிப்பிட்ட அளவுக்கு டோர்க் ஸ்பானரால் நட்டை இறுக்கினார். நீர் புகாதிருக்க மூடியின் ரப்பர் வளையத்தையும் மாற்றினார்.

வண்டியின் உரிமையாளர் அவசரப்பட்டார். வாடகைக்கு ஆட்கள் காத்திருந்தனர். நானா இணங்கவில்லை. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் ஜெட் பம்பின் வழியே வருவதால் கரையில் நீண்டநேரம் ஓட்டிப் பார்க்க முடியாது. எனவே தாமே ஏறி, அமைதியான ஆற்றுப்பகுதியில் பலமுறை சுற்றிவந்தார். அதன் பின்னரே வண்டியைக் கையளித்தார்.

நீர்மேல் இத்தகைய வண்டியில் ஏறும் அன்பர்கள், அதைக் கடைசியாகத் திருத்தியவர் யார், திருத்திய பின் நீரில் ஓட்டிப் பார்த்தாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுவது நல்லது.