நான்காம் துண்டு

தீர்த்தமலை அடிவாரத்தில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாங்கள் மாலை வகுப்பு நடத்தி வருகிறோம். கணக்கு என்றாலே அவர்கள் முகம் வாடும். முந்தி விடை சொல்பவனையே பாராட்டிப் பழகிய எங்களுக்கும் அதில் பங்குண்டு.

எளிய பொருள்களைக் கொண்டே கணிதத்தை விளையாட்டாக்கிக் காட்டிய சென்னை ஆசிரியர் பி. கே. சீனிவாசனை (1924–2005) நினைத்துக்கொண்டு, ஒரு நாள் காகிதத் துண்டுகளை எடுத்தோம். நால்வருக்கு ஒரு குழு, ஆளுக்கொரு துண்டு. தன் துண்டைப் படித்துச் சொல்லலாம், பிறரிடம் கொடுக்கலாகாது.

மறைந்துள்ள எண் 60-க்குக் குறைந்தது என்றது முதல் துண்டு. 5-ஆல் வகுத்தால் மீதி 3 என்றது அடுத்தது. 3-ஆல் வகுத்தால் மீதி 1 என்றது மூன்றாவது. கெட்டிக்காரச் சிறுவன் ஒருவன் 13, 28, 43, 58 என்று விரைந்து எழுதிவிட்டுத் திகைத்து நின்றான். நான்கில் எது?

நான்காம் துண்டு, வகுப்பில் வாய் திறவாத சிறுமியின் கையில் இருந்தது. அவளைக் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், அதுநாள் வரை எங்களுக்கும் தோன்றியதில்லை. இப்போதோ கேட்டே ஆகவேண்டும்.

"நாலால மீதியில்லாம வகுபடும்," என்று மெல்லப் படித்தாள். சற்றுப் பொறுத்து, "அப்ப இருபத்தெட்டு," என்றாள்.

28-க்கு ஒரு சிறப்புண்டு. தன்னை விடுத்த தன் காரணிகளாகிய 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டினால் அதுவே கிடைக்கும். ஆகவே அதனை நிறைவெண் என்பர். அவற்றுள் மிகச் சிறிய ஒன்றை விட்டாலும் கூட்டுத்தொகை குறைந்துபோகும்.

நம் வகுப்பறைகளிலும் இல்லங்களிலும் இன்னும் படிக்கப்படாத துண்டுகள் எத்தனையோ!